டிவிக்கு மட்டும் வராத வைஃபை

ஜூலை 16, புதன்

நேற்று சாயந்திரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். போன வாரம் நெஞ்சைப் பிளந்து, இடது காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை உருவி, இதயத்தில் மூன்று இடத்தில் மாற்றுப் பாதை போட்டிருக்கிறார்கள். தொலைபேசி இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் நானும் இதே வேலையைத்தான் செய்தேன். கெட்டுப்போன கேபிளை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதுக் கம்பி இழுத்து லைனைத் திருப்பிவிடுவோம். என்ன, நாங்கள் இழுக்கும்போது சந்தாதாரர் யாரும் இப்படி முனகியதில்லை.

டாக்டர் உத்தரவுகள்: கனமாக எதையும் தூக்கக் கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். அதிர்ச்சி, கோபம், அழுகை எதுவும் ஆகாது. இந்தக் கடைசி உத்தரவை என் மனைவி சுலோசனாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்குக் கெட்டது இதயம்தான், காது இல்லை.

மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்திருக்கிறார்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். இன்று ஒன்றுதான் எழுந்தது.

டிவியில் நெட் வரவில்லை. பதினொரு மணிக்கு மரகதத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்றும் 'வைஃபையுடன் இணைக்க முடியவில்லை' என்றே டிவி சொல்கிறது.

மரகதம் என் ஒரே தங்கை. திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டவள். ஐம்பத்தாறு வயதில் யூடியூபில் ஒரு சேனல் ஆரம்பித்து, 'மரகதம் சமையல்கட்டு' என்று பெயர் வைத்து, தினமும் பகல் பதினொரு மணிக்கு நேரலையில் சமைக்கிறாள். பார்ப்பவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். முதல் ஆளாக வந்து உட்காருபவன் நான். "பாக்குறியாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பையே பற்ற வைப்பாள். எனக்கு டைப் அடிக்க வராது என்பதால் பார்க்கிறேன் என்று போனில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். உடனே நாற்பது பேர் முன்னால், "எங்கண்ணன் வந்துருச்சு" என்பாள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் போன் செய்து சொன்னாள்: "நீ நல்லபடியா வீட்டுக்கு வா. ஒரு மாசம் முழுக்க எண்ணெய் இல்லாத சமையலாச் செஞ்சு காட்டுறேன். அண்ணியைப் பக்கத்துல உக்கார வச்சுப் பாரு."

அதைத்தான் பார்க்க முடியாமல் கிடக்கிறேன். என் போன் நான் ஐ.சி.யூ.வில் இருந்தபோது கீழே விழுந்து திரை போய்விட்டதாம், கடையில் கொடுத்திருக்கிறதாம். சுலோசனாவின் போனைக் கேட்டால், கண்ணுக்குக் கெடுதல் என்கிறாள். மிச்சம் இருப்பது டிவிதான்.

மகன் நவநீதன் பெங்களூரிலிருந்து ஒரு மாதத்துக்கு வந்து மாடியில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கிறான். இந்த வைஃபை எல்லாம் அவன் ஏற்பாடு. கீழே வந்து ரூட்டரை அணைத்துப் போட்டான். டிவியை அணைத்துப் போட்டான். முப்பது வரைக்கும் எண்ணச் சொன்னான், எண்ணினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. சுலோசனா விளக்கு ஏற்றவில்லை. முதுகு பிடித்துக்கொண்டதாம், குனிய முடியவில்லையாம். கல்யாணமான இந்த முப்பத்தைந்து வருடத்தில் காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஆடி வெள்ளிக்கு எழுந்து விளக்கேற்றியவள். என்னால்தான் இந்தப் பாடு. ஆஸ்பத்திரி நாற்காலியில் எட்டு நாள் தூங்கினால் முதுகு என்னாகும்?

டிவி: வரவில்லை. பந்து: ஒன்றரை.

ஜூலை 19, சனி

பாஸ்வேர்டைத் திரும்பப் போடலாம் என்று நானே ரிமோட்டை எடுத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் நாலு தரம் வலது, இரண்டு தரம் கீழே. பெரிய எழுத்துக்கு ஒரு அம்புக்குறி, எண்ணுக்கு வேறு பக்கம். பதினான்கு எழுத்து. முடிக்கும்போது எனக்கே மூச்சு வாங்கியது. 'இணைக்க முடியவில்லை.' உறையூரில் பாதித் தெருவுக்கு நான் இழுத்துக் கொடுத்த லைனில்தான் கல்யாணச் சேதியும் சாவுச் சேதியும் போனது. என் வீட்டு முன்னறையில் பத்தடி தூரத்துக்கு எனக்கு லைன் இல்லை.

"ரூட்டர்லேர்ந்து ஒரு வயர் இழுத்து டிவியில சொருகிடுடா. வைஃபையே வேணாம்" என்று நவநீதனிடம் சொன்னேன்.

"வாங்கிட்டு வர்றேம்பா" என்றான். மூன்று தரம் கடைக்குப் போய்விட்டு வந்தான். பால், மாத்திரை, கொத்தமல்லி வந்தது. வயர் வரவில்லை. பெங்களூரில் பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் இன்ஜினியர்!

ஜூலை 20, ஞாயிறு

மரகதம் ஏன் ஒரு தரமும் பேசவில்லை என்று இன்று நேராகவே கேட்டுவிட்டேன். அண்ணன் நெஞ்சைப் பிளந்துகொண்டு கிடக்கிறான், வந்து பார்க்காவிட்டாலும் ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

சுலோசனா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "அதுக்குத் தொண்டையில ஏதோ கட்டி மாதிரி வந்துருக்காம். சாதாரணக் கட்டிதானாம். டாக்டர் ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாதுன்னுட்டாராம்."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"கவலைப்படுவீங்கன்னுதான்."

இப்போது மட்டும் கவலைப்படாமல் இருப்பேனா? மத்தியானம் முழுக்கத் தூக்கமில்லை. அப்புறம் ஒன்று தோன்றியது. பேசத்தானே கூடாது, சமைக்கலாமே. மரகதம் வாயை மூடிக்கொண்டும் சமைப்பாள், சைகையிலேயே உப்பு எவ்வளவு என்று காட்டுவாள். கையைக் காலை ஆட்டி அவள் சமைப்பதைப் பார்க்கலாம். இந்தப் பாழாய்ப்போன டிவி ஓடினால் போதும்.

ஜூலை 22, செவ்வாய்

நவநீதன் டிவியைக் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்கு மாற்றினான். எந்த மொழி வேண்டும், எந்த நாடு என்று முதலிலிருந்து கேட்டது. எல்லாம் சொன்னோம். வைஃபை என்று வந்ததும் பழைய பல்லவி. அவன் கையில் போனை வைத்துக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டே இருந்தான். முகம் வாடியிருந்தது. "அப்டேட் வரணும்பா. ஆகஸ்ட்ல வருமாம்" என்றான். பிள்ளையும் பாவம், அவனால் முடிந்ததைச் செய்கிறான்.

வராந்தாவில் இருபது சுற்று நடந்தேன். இரண்டு பந்து.

ஜூலை 25, வெள்ளி

நவநீதன் விடியற்காலையில் ஆபீஸ் வேலை என்று மதுரைக்குப் போய்விட்டு, சாயந்திரம் வந்ததும் நேராகக் குளிக்கப் போனான். சுலோசனா வீடு முழுக்கக் கழுவிவிட்டு விளக்கேற்றினாள். முதுகு தேவலையாம். நல்லது.

இரவுச் சாப்பாட்டில் இரண்டு பேரும் சோற்றைத் தொட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள்.

ஜூலை 28, திங்கள்

டிவி சரியாகவில்லை. சாயந்திரம் நடக்கவில்லை. பந்து உறிஞ்சவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும், யாரிடமும் சொல்ல முடியாது.

நேற்றுக் காலை பத்தரை மணி. சுலோசனா காய்கறி வாங்கப் போயிருந்தாள். நவநீதன் மாடியில் காதில் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தான். நான் வாசலில் நடந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டில் டிவி மெக்கானிக் ஃபெலிக்ஸ் வேலையை முடித்துவிட்டு வண்டியை எடுத்தார். என் வயதுக்குப் பத்துக் குறைச்சல் இருக்கும், எங்கள் தெருவுக்கு ரொம்ப வருடமாக வருகிறவர். "ஒரு அஞ்சு நிமிஷம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன்.

உள்ளே வந்து அவர் போனிலிருந்து டிவிக்கு நெட் கொடுத்தார். உடனே வேலை செய்தது. அப்படியென்றால் டிவியில் கோளாறு இல்லை. அதே போனை எங்கள் வைஃபையில் மாட்டிப் பார்த்தார். பறந்தது. அப்படியென்றால் ரூட்டரிலும் கோளாறு இல்லை. எங்கள் காலத்திலும் இப்படித்தான் பழுது பார்ப்போம். கருவி நன்றாக இருக்கிறது, லைன் நன்றாக இருக்கிறது, எக்ஸ்சேஞ்ச் நன்றாக இருக்கிறது, இருந்தும் பேச முடியவில்லை என்றால் அது பழுதே இல்லை. யாரோ உத்தரவு போட்டு அந்த நம்பரை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஃபெலிக்ஸும் அதைத்தான் சொன்னார்: "ரிப்பேர் ஒண்ணும் இல்ல சார். ரூட்டர்ல இந்த டிவியை மட்டும் யாரோ பிளாக் பண்ணி வச்சிருக்காங்க. போன்லயே பண்ணலாம். உங்க வீட்டு ஆளுங்கதான்."

நியூஸ் பார்த்துப் பதறுவேன் என்று டாக்டர் பேச்சைக் கேட்டு நவநீதன் செய்திருப்பான் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது. "உங்க போன் நெட்டு இருக்கிறப்பவே எனக்கு ஒரு சேனல் போட்டுக் காட்டுங்க" என்றேன்.

மரகதம் வந்தாள். பச்சைப் புடவை, நெற்றியில் வேர்வை. "எங்கண்ணனுக்கு நேத்து ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. அதனால இன்னைக்குப் பாசிப்பருப்புப் பாயசம். அண்ணன் சாப்பிடக் கூடாது, அதுக்காக நாம சாப்பிடாம இருக்க முடியுமா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். தொண்டையில் கட்டி இருக்கிறவள் மாதிரியே இல்லை. தேதியைப் பார்த்தேன், ஜூலை ஒன்பது. அதற்குப் பிறகு வீடியோவே இல்லை.

ஃபெலிக்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே இருந்ததைப் படித்தார். "என்ன சார், எல்லாரும் கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்காங்க. அன்னைக்கு ராத்திரியே மாரடைப்பாம். பாவம், இந்தம்மா தவறிட்டாங்க போலிருக்கே. தெரிஞ்சவங்களா சார்?"

"தெரிஞ்சவங்கதான்" என்றேன்.

திரையில் அவள் முந்திரியை நெய்யில் வறுத்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. கிண்ணத்தில் ஊற்றி, கேமரா முன்னால் நீட்டி, முடித்தாள்.

ஃபெலிக்ஸிடம் அவருடைய இணைப்பை டிவியிலிருந்து அழித்துவிடச் சொன்னேன். வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். "அந்த பிளாக்கை எடுக்க வேணாமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். சுலோசனா பையோடு வாசலுக்கு வந்தபோது நான் சோபாவில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, "இன்னைக்கும் வரலை" என்றேன்.

என் மரகதம் போய்விட்டாள். நான் ஆஸ்பத்திரியில் குழாய்களோடு கிடந்தபோதே போய்விட்டாள். அவள் போய்ப் பதினெட்டு நாள் ஆனது தெரியாமல் நான் அவளைக் கோபித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 30, புதன்

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை போய் உடம்பில் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அதுதான் அண்ணன் தம்பி செய்கிற கடைசிச் சீர். அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். நான் இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். யாராவது கோடி போட்டார்களா, இல்லை புருஷன் வீட்டுப் புடவையோடு மட்டும் அனுப்பிவிட்டார்களா? மூன்று நாளாக இது ஒன்றுதான் ஓடுகிறது. கேட்க முடியவில்லை.

கோபப்படலாம் என்றால் அதற்கும் வழியில்லை. என் மாமியார் மூட்டு ஆபரேஷனில் இருந்தபோது அவர் தம்பி இறந்ததை நாற்பது நாள் மறைத்தோம். அந்த யோசனையே என்னுடையது. யார் யார் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். சுலோசனாவுக்கும் அன்றைக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். விஷயம் தெரிந்த பிறகு மாமியார் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. கிழவிக்கு வீம்பு என்றேன் அப்போது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அழக்கூட முடியவில்லை. அழுதால் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் சுலோசனா பயந்து நடுங்கிவிடுவாள். அழுகை முட்டும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுகிறேன். இருமினால் கண்ணில் தண்ணீர் வருவது இயற்கைதானே. சுலோசனா ஓடி வந்து இருமல் மருந்து ஊற்றுகிறாள். மூன்று நாளில் ஒரு பாட்டில் காலி.

அவளும் அடிக்கடி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறாள். வாளி எப்போதோ நிரம்பி வழிகிற சத்தம் கேட்கிறது. முன்பெல்லாம் தண்ணீர் வீணாவதாகக் கத்துவேன். இப்போது நிறுத்தச் சொல்லவில்லை.

தினமும் பதினொரு மணிக்கு நவநீதனைக் கூப்பிட்டு "டிவி சரியாச்சா?" என்று கேட்கிறேன். சொல்லித் தொலையுங்கள் என்று அர்த்தம். அவனுக்கு அது புரியவில்லை. "அப்டேட் வரலப்பா" என்கிறான். இவர்கள் வாயால் சொன்னால்தான் நான் வாய்விட்டு அழ முடியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. ஊரே காவிரிக்குப் போயிருக்கிறது. சுலோசனா சித்ரான்னம் செய்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் பரிசோதனை. இதயம் பிரமாதமாக வேலை செய்கிறதாம். தையல் ஆறிவிட்டதாம். சுலோசனா என் இருமலைப் பற்றிச் சொன்னாள். உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். "நெஞ்சுல சளியே இல்லையே. எதுக்கு இருமுறீங்க?" என்று டாக்டர் என்னையே கேட்டார். தெரியவில்லை என்றேன்.

இன்று சொல்லிவிடுவார்கள் என்று நம்பித்தான் போனேன். நவநீதன் டாக்டரோடு தனியாகப் பேசிவிட்டு வந்தான். காரில் அம்மா பக்கம் சாய்ந்து, "ஆறு வாரம் முடியட்டுங்கிறாரு" என்று மெதுவாகச் சொன்னான். இன்னும் இரண்டு வாரம். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பதினொரு மணிக்கு வழக்கம்போல அணைந்த டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். சுலோசனா கீழே உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"மரகதத்துக்குத் தொண்டை தேவலையாம். நேத்து ரெண்டு வார்த்தை பேசுச்சாம். உங்களைத்தான் கேட்டுச்சாம்."

செத்தவளைப் பேச வைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"சுலோசனா, கோடி யார் போட்டது?"

கத்தி நின்றது. எப்படித் தெரியும், எப்போது தெரியும் என்று அவள் கேட்கவே இல்லை.

"நான்தாங்க போட்டேன்."

"நீ எப்பப் போன?"

"பத்தாம் தேதி. உங்களைக் கண்ணாடிக்கு வெளியில நின்னு பாத்துட்டுக் கிளம்புனோம். சாயந்திரம் அஞ்சு மணிக்கு உங்களைப் பாக்க விடுவாங்கல்ல, அதுக்குள்ள வந்துட்டேன்."

அன்றைக்கு ஐ.சி.யூ.வில் அவள் ஈரத் தலையோடு வந்து நின்றது ஞாபகம் வந்தது. நான் அதைக் கேட்டேன், வெயிலுக்குத் தலைக்குக் குளித்ததாகச் சொன்னாள். அந்த ஈரத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் சிரித்த முகமாக நின்றாள்.

"கடையில எடுத்தியா?"

"கடை வாசல் வரைக்கும் போனோம். நவநீதன் இறங்கிட்டான். நான்தான் வேணாம், வண்டியைத் திருப்பி வீட்டுக்கு விடுன்னேன். நீங்க ரிட்டயர் ஆனப்ப எனக்கு ஒரு பட்டு எடுத்துக் குடுத்தீங்கள்ல, அரக்குல. அதை நான் கட்டவே இல்ல. பீரோவுல மடிப்புப் பிரிக்காம இருந்துச்சு. அதைக் கொண்டுபோய்ப் போத்துனேன். கடையில வாங்கிருந்தா அது நான் வாங்குனதுதானே? இது நீங்க உங்க கையால எடுத்தது."

சொல்லி முடித்ததும் அவள் அலறினாள். நான் அப்படி ஒரு சத்தத்தை அவளிடம் கேட்டதே இல்லை. நாத்தனார் என்று பெயர்தான், இரண்டு பேரும் போனில் மணிக்கணக்காகச் சிரித்துப் பேசுகிறவர்கள். இருபத்தெட்டு நாள் எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, அதை அடக்கியே வைத்திருந்திருக்கிறாள். காய்த் தட்டு கவிழ்ந்து தரையெல்லாம் இறைந்தது.

நவநீதன் மாடியிலிருந்து தடதடவென்று ஓடி வந்தான். கையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. என் தாடையைப் பிடித்து, "வாயைத் திறங்கப்பா, வாயைத் திறங்க" என்று கத்தினான்.

"எனக்கு ஒண்ணுமில்லடா. உங்கம்மாவைப் பிடி" என்றேன்.

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான். அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவனும் உடைந்துவிட்டான். அவளைத் தூக்கி உட்கார வைக்க எனக்குத் தெம்பில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். பிறகு நானும் அழுதேன். இருமவில்லை, வாய்விட்டே அழுதேன்.